ஒரே மேசையில் மூன்று நான்

நான் விண்வெளியில் மூன்று தடவை செத்திருக்கிறேன். ஒரு தடவை கப்பல் கதவுக்கு வெளியே நின்று. ஒரு தடவை மீன் மூஞ்சியோடு. மூன்றாவது தடவை, ஏற்கெனவே செத்துப்போன ஆவியாக இருந்து, அதிலும் மறுபடி செத்தேன். அப்படி ஒரு ராசி யாருக்கும் வாய்க்காது.

இத்தனை சாவும் ஒரு டப்பிங் தியேட்டரில் நடந்தது. தியேட்டர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. ஏசி போட்டால் மைக்கில் சத்தம் வரும், போடாவிட்டால் எனக்கு மயக்கம் வரும். அந்த ஏசியைச் சரி செய்யத்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் அங்கே போனேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய், நானாகக் கற்றுக்கொண்ட தொழில் அது.

ஏணி மேல் நின்றுகொண்டு, "யாராவது அந்த ஸ்பேனரை எடுத்துக் குடுங்கப்பா!" என்று கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டைரக்டரம்மா துள்ளி எழுந்தார்.

"யாரு அது கத்துனது? கீழ எறங்குங்க. இதே குரல்ல, 'கதவு மூடியாச்சு'ன்னு சொல்லுங்க பாப்போம்."

அன்றைக்குப் பேச வரவேண்டிய ஆள் வரவில்லையாம். சொன்னேன். அவ்வளவுதான், நான் கலைஞன் ஆகிவிட்டேன். ஏசி இன்று வரைக்கும் சரியாகவில்லை.

தொடரின் பெயர் 'ஒன்பது நிலவுப் போர்'. வெளிநாட்டுச் சரக்கு. வாள், மந்திரம், ராக்கெட், ராஜா, ரோபோ என்று எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறியிருப்பார்கள். அதை நம் மொழியில் பேச வைப்பது எங்கள் வேலை. எனக்குக் கிடைத்தது கப்பலின் கதவுக் காவலாளி. முதல் பாகம் பூராவும் 'கதவு மூடியாச்சு', 'கதவு திறந்தாச்சு' இரண்டுதான் வசனம். தியேட்டரில் எனக்குக் 'கதவு' என்றே பெயர் விழுந்துவிட்டது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனில் வசனத்தைச் சொல்லுவார், நான் கேட்டுச் சொல்லுவேன். கிளிக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், கிளிக்குப் பழம் குடுப்பார்கள்.

இரண்டாம் பாகத்தில் மீன் மூஞ்சி வியாபாரி ஒருத்தன் வந்தான். அவனுக்குப் பேசவேண்டியவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். "கதவு, நீங்களே பேசிடுங்க" என்றார் டைரக்டரம்மா. மூன்றாம் பாகத்தில் ஒரு செத்த ராஜாவின் ஆவி. அதற்குரியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "கதவு!" என்றார் மறுபடி. என்னிடம் இருப்பது ஒரே ஒரு குரல். கோபம் என்றால் அதைச் சத்தமாகப் பேசுவேன், சோகம் என்றால் மெதுவாகப் பேசுவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாமே சோகமாகத்தான் வரும். ஆவிக்கு எதிரொலி போட்டுத் தருகிறேன் என்றார் ஒலிப்பதிவுக்காரர். மறந்துவிட்டார். மூன்று பேரும் ஒரே குரலில் பேசினார்கள். அவர்கள் எந்தக் காட்சியிலும் சந்தித்துக்கொள்ளாததால் எங்களுக்கும் உறைக்கவில்லை.

எனக்கு ஆவியும் வேண்டாம், மீனும் வேண்டாம். என் உயிர் அந்தக் காவலாளி. இரண்டாம் பாகத்தில் அவன் சாகிற காட்சியில், எல்லாரையும் கப்பலுக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றபடி, "நீங்க போங்க. கதவை நான் பாத்துக்கறேன்" என்பான். நான் அதைப் பேசி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு டேக் வேண்டாம்" என்றார். எனக்கு இன்னொரு டேக் வேண்டாம் என்று அவர் சொன்ன ஒரே நாள் அதுதான். மற்ற நாள்களில் பதினெட்டு, பத்தொன்பது போகும்.

இந்தக் கதையை என் வீட்டில் நான் நானூறு தடவை சொல்லியிருப்பேன். என் மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்க்கிற பொறுமை அவளுக்குத் தொழிலில் வந்தது. ஆனால் அவளுடைய தம்பி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், இந்தத் தொடர் என்றால் சோறு தண்ணீர் மறப்பவன். எந்த நிலவில் எந்த ராஜா, எவனுக்கு எவள் சித்தி, எந்த வாள் எத்தனாவது சண்டையில் உடைந்தது, எல்லாம் அத்துபடி. அவனும் அவன் கூட்டமும் சேர்ந்து ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

"மாமா, காவலாளி, மீன்காரன், ஆவி, மூணும் ஒரே ஆள். மாறுவேஷம்."

"எப்படிடா?"

"குரல் ஒண்ணா இருக்கே!"

"டேய், அது என் குரல்டா."

"அதான் மாமா! உலகத்துல எவ்ளோ பேர் இருக்கான். மூணுக்கும் உங்களையே ஏன் போட்டாங்க? யோசிங்க."

"ஒருத்தர் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. ஒருத்தருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு."

"அப்படித்தான் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க" என்றான், என்மேல் இரக்கப்பட்டு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தொடரிலிருந்து ஒரு கிளைத் தொடர் வருகிறது என்ற செய்தி வந்தது. செத்தவர்களைத் திரும்பக் கூட்டிவர அவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கதையை முப்பது வருஷம் பின்னால் ஓட்டிவிடுவார்கள். காவலாளி இளவட்டமாக வருகிறான். இந்தத் தடவை அவனுக்கு வசனம் மட்டும் அறுபது பக்கம். டைரக்டரம்மா போன் செய்தார்.

"கதவு, பழைய தொடரை மறுபடி போடப்போறாங்க. அப்புறம் வர்ற புதுசுல உங்க ஆளு திரும்ப வர்றான். கூட மீன்காரனும் ஆவியும் வர்றாங்க. முடியுமா?"

"மேடம், மூணு என்ன, முப்பது வந்தாலும் பேசறேன்!" என்றேன். என் வாய்க்கு ஒரு கதவு போட அன்றைக்கு ஆள் இல்லை.

முதல் நாள் திரையில் ஆறாவது பகுதியை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு வட்ட மேசை. ஒரு பக்கம் காவலாளி, ஒரு பக்கம் மீன்காரன், நடுவில் ஆவி. மூன்று பேரும் பதினோரு நிமிஷம் சண்டை போடுகிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாமல் குறுக்கே விழுகிறார்கள். நான் மூன்று வசனத்தையும் பேசினேன். ஒலிப்பதிவுக்காரர் சேர்த்து ஓட்டினார். ஒரு மனுஷன் தனக்குத்தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தன்னையே திட்டி, தன்னிடமே மன்னிப்புக் கேட்டான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டிய ஆள் மாதிரி இருந்தது.

"இப்ப எக்கோவைப் போட்டுடலாமா?" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

"போட்டா பழைய ஆவி மாதிரி இருக்காது. திரும்பி வர்ற பாத்திரத்துக்குப் பழைய குரல்தான் இருக்கணும்னு வெளிநாட்டுக் கம்பெனி கண்டிஷனா எழுதியிருக்கு" என்றார் டைரக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல வாங்க. பழைய குரல் மாதிரியும் இருக்கணும், மூணும் தனித்தனியாவும் தெரியணும். இல்லைன்னா ஒரு பலகுரல்காரர் இருக்கார். மூணையும் மொத்தமா அவர்கிட்ட குடுத்துடுவேன். எனக்கும் வேற வழி இல்லை, கதவு."

எனக்கு ஆவி போனால் போகட்டும். மீன் போனால் போகட்டும். காவலாளியை இன்னொருத்தன் வாயில் வைத்து நினைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்குப் போனதும் மைத்துனனைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவன் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தோடு வந்து, வாத்தியார் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மீன்காரனுக்குச் செவுள் இருக்கு மாமா. அவங்க ஊர்ல மூச்சை உள்ள இழுத்துக்கிட்டேதான் பேசுவாங்க. ஆவிக்கு மூச்சே கெடையாது. மூச்சு விடாம பேசுங்க. காவலாளி பொறந்த நிலவுல எல்லாமே கனம். நாக்கும் கனம். மெதுவா வரணும்."

மூச்சை இழுத்துக்கொண்டே, "சரக்கு எங்கே?" என்றேன். விக்கல் வந்தது.

உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, யாரு உங்களை அடிக்கிறது?"

"மீன்காரன் பேசறான்."

"அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

அடுத்து ஆவி. மூச்சை அடக்கிக்கொண்டு, "என் அரியணையைத் திருடியது யார்" வரைக்கும் வந்தேன். 'யார்' என்கிற இடத்தில் கண் இருட்டியது. மைத்துனன் கை தட்டினான். "செத்த ஆள் மாதிரியே இருந்தீங்க மாமா!" மனைவி அவன் தலையில் ஒன்று போட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு இந்தப் பாடு? அந்தக் காவலாளியை மட்டும் குடுங்கன்னு கேக்க வேண்டியதுதானே?"

"மூணும் பேசுவேன்னு நானே சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னதை எல்லாம் நம்பினா நான் இந்நேரம் ரெண்டு மாடி வீட்டுல இருக்கணும். டைரக்டரம்மாவுக்கும் உங்களைத் தெரியும். போய்க் கேளுங்க."

காலையில் தியேட்டரில் மீன்காரனாக இருமினேன், ஆவியாகத் தள்ளாடி மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன். காவலாளி மட்டும் சரியாக வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பலகுரல்காரர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். என் இருமலுக்கு அவர்தான் எழுந்துவந்து தண்ணீர் குடுத்தார். திட்டுவதற்குக்கூட இடம் தராத ஆள்.

"மேடம்" என்றேன். "எனக்கு இருக்கறது ஒரே குரல். மத்த ரெண்டும் நான் நடிச்சது இல்லை. இடத்தை நிரப்பினேன், அவ்வளவுதான். மீனையும் ஆவியையும் இவருக்குக் குடுத்துடுங்க. காவலாளியை எனக்கு விட்டுடுங்க."

"பழைய குரல் மாறக்கூடாதே, கதவு. பழைய பாகத்துல ஆவி உங்க குரல்ல பேசுது. புதுசுல இவர் குரல்ல பேசினா கம்பெனி ஒத்துக்காது."

"அப்ப பழசுல இருந்து என்னை எடுத்துடுங்க."

"அப்படின்னா?" என்றார் அவர்.

"புதுத் தொடருக்கு முன்னாடி பழசை மறுபடி போடப்போறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பழைய மீனையும் பழைய ஆவியையும் இவர் மறுபடி பேசட்டும். நாப்பது, அம்பது வரி வருமா? நானே பக்கத்துல நின்னு சொல்லித் தரேன். அப்புறம் ரெண்டும் எப்பவும் இவர் குரல்தான்."

டைரக்டரம்மா ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்து முடித்துவிட்டேன். "ஒத்துக்கிட்டாங்க. இன்னைக்கே ஆரம்பிங்க" என்றார்.

இரண்டு நாள் ஆனது. பழைய பகுதியை ஓட்டுவார்கள். மீன்காரன் என் குரலில் ஒரு வரி பேசுவான். ஒலிப்பதிவுக்காரர் அதை அழிப்பார். மீன்காரன் வாயை மட்டும் திறந்து மூடுவான். பலகுரல்காரர் பேசுவார், மீன்காரனுக்கு உயிர் வரும். எனக்கு வராத அந்த மூச்சிழுப்பை அவரிடம் சொன்னேன். முதல் டேக்கிலேயே வாங்கிவிட்டார். கழுத்தில் செவுள் இருக்கிறதா என்று நான் எட்டியே பார்த்தேன். ஆவியின் முதல் வரியை நான் எப்படிப் பேசியிருந்தேன் என்று போட்டுக் காட்டினார்கள். அந்த ராஜா வாடகைக்கு வீடு தேடுகிறவர் மாதிரி இருந்தார். நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான்தான். அழித்தபோது மட்டும் நான் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் மைத்துனனிடம் சொன்னேன், மூன்று பேரும் ஒரே ஆள் இல்லை என்று இனி எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று. அவன் முகம் விழுந்தது.

"ஏழு வருஷ ஆராய்ச்சி மாமா."

"எனக்கும் ரெண்டு பிள்ளை போச்சுடா. வா, டீ குடிக்கலாம்."

மூன்றாம் நாள் அந்த வட்ட மேசைக் காட்சி. மீனையும் ஆவியையும் பலகுரல்காரர் முன்னாலேயே பேசி முடித்திருந்தார். காவலாளிக்காக நான் மட்டும் உள்ளே போய் நின்றேன். ஒலிப்பதிவுக்காரர் விளக்கைப் போட்டார். திரையில் மேசை வந்தது. ஹெட்போனில் ஆவி மெதுவாக, மூச்சே இல்லாமல், "நாங்கள் எல்லோரும் போன பிறகு இங்கே யார் இருப்பார்கள்?" என்று கேட்டது.

பன்னிரண்டு வருஷமாக அந்த அறையில் எனக்கு வசனம் சொல்லித் தந்திருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள், திருத்தியிருக்கிறார்கள். ஹெட்போனுக்குள்ளிருந்து என்னை ஒருத்தர் கேள்வி கேட்டது இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். காவலாளியின் வாய் அசைந்து, மூடி, காட்சி தாண்டிப் போய்விட்டது.

"கதவு!" டைரக்டரம்மா மைக்கில் கத்தினார். "அவர் கேக்கறாரு இல்ல? பதில் சொல்லுங்க!"

"இன்னொரு தடவை கேக்கச் சொல்லுங்க மேடம்" என்றேன்.

பின்னால் ஓட்டினார்கள். ஆவி மறுபடி கேட்டது. "நான் இருக்கேன்" என்று நான் பதில் சொன்னேன்.