கத்தரிப் பாத்திக்கு ஊற்றிய துரைத் தண்ணீர்

தோக்கியோ நேரம் காலை எட்டு மணி பத்து. ஜப்பான்காரர்கள் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்ததால், மலாயாவின் லாபுவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அப்போதுதான் விடிந்திருந்தது. நான் முதலில் பார்த்தது வேலிக்கு அப்பால் ஒரு காலித் தூக்குச் சட்டி. பிறகுதான் அதைப் பிடித்திருந்த பெண். கூலிகள் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டுக்காரி, பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டுபவள்.

நான் பச்சைக் கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கத்தரிப் பாத்தியில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஜப்பான் சிப்பாய்கள் பீரையும் விஸ்கியையும் அள்ளிக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டில்களைத் தொடாமல் போயிருந்தார்கள். ஸ்டோர் சாவி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான என்னிடம் இருந்தது. மூன்று பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தில் தண்ணீரில் கலந்துள்ள உப்புகளின் பெயர்கள் இருந்தன. அவற்றில் இரண்டை எரு மூட்டைகளிலும் படித்திருக்கிறேன். செடிக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான்.

"தொரை தண்ணியா ஊத்துறீங்க, கிராணி ஐயா? இனிமே கத்தரிக்கா இங்கிலீசு பேசும்லா" என்றாள். உடனே குரல் இறங்கியது. "வீட்டுக்காரருக்கு மூணு நாளா வயித்தால போவுது. கெணத்துல சேறுதான் வருது. காய்ச்சிக் குடுத்தாலும் வாடைக்கே வாந்தி எடுத்துர்றாரு. ஒரே ஒரு பாட்டில் குடுங்கையா."

அவள் கேலி எனக்குள் தைத்திருந்தது.

"இது குடிக்கிற தண்ணி இல்லம்மா. எருத் தண்ணி. குடிச்சா இன்னும் அதிகமாப் போவும்."

"அப்படியா? படிச்சவங்க, உங்களுக்குத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தூக்கோடு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

பாட்டில்களைக் கொண்டுவந்த அன்றே அதில் ஒரு டம்ளர் குடித்திருந்தேன். லேசான உவர்ப்பு. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த நான்கு நாளும் காலையில் பாத்திக்கு அதையே ஊற்றினேன். அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. மரம் வெட்ட அவள் வரவில்லை என்பதைப் பெயர் கூப்பிடும்போது கவனித்தேன். ஐந்தாம் நாள் கத்தரி இலைகளின் ஓரம் தீய்ந்திருந்தது. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். வறட்சியில் அந்த உப்பைக் கழுவ மழையும் இல்லை. செடிக்கு இந்தத் தண்ணீர் ஆகாது என்று புரிந்தது.

அதன் பிறகுதான், மீதியிருந்த பதினொரு பாட்டில்களையும் கோணிப்பையில் கட்டி லயத்துக்குத் தூக்கிப் போனேன்.

கடைசி வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் எழுந்து வந்து பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நல்ல தண்ணிதானங்கையா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன்.

கிணற்றில் சேறுதான் இருந்தது. அவள் கணவரை அந்தப் பாட்டில் தண்ணீரில் குளிப்பாட்டி எடுத்துப் போனார்கள்.