கீ கொடுத்தாச்சு

இந்த ஊரில் ஒருவரைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் உண்மையாகவே பதில் சொல்லிவிடுகிறார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் கீழ் வீட்டு அம்மாளிடம் மாடிப்படியில் மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, தன் குடலில் கட்டி இருப்பதையும், அதை எப்போது வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்பதையும் நிதானமாக எடுத்துச் சொன்னார். எனக்கு வெலவெலத்துப் போயிற்று. முன்பின் தெரியாதவளிடம் இதையெல்லாம் சொல்வார்களா? மயிலாப்பூரில் நாங்கள் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்ல மாட்டோம். அதை எங்கள் ஊரின் நாகரிகம் என்று அன்றைக்குப் பெருமையாக நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி.

அப்பா போன பிறகு அவருடைய வாட்ச் எனக்கு வந்தது. கீ கொடுக்கிற பழைய வாட்ச். கிண்டி எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து, முதல் போனஸில் வாங்கியது. காலையில் சவரம் முடித்து, சட்டை மாட்டுவதற்கு முன் ஜன்னலோரம் நின்று கீ கொடுப்பார். அப்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. நானோ அண்ணனோ கை வைத்தால் தொலைந்தோம். "கீ ஒடிஞ்சா உங்க தாத்தாவா வந்து வாங்கித் தருவாரு?" என்பார். நான் இங்கே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். முடிக்கும்போது "கீ குடுத்தியாப்பா?" என்று கேட்பேன். "குடுத்தாச்சு" என்று இடது கையைத் தூக்கி வாட்சைக் காட்டுவார். எங்கள் இருவருக்கும் அது ஒரு கொஞ்சல், அவ்வளவுதான்.

கை வைக்கப் பயந்து பெட்டியிலேயே வைத்திருந்தேன். சில மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால் வாட்ச் நின்றிருந்தது, கீ திருகியும் ஓடவில்லை. நல்லபடியாகப் புதுப்பித்து நானே கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். எதற்கெடுத்தாலும் 'டெர்மின்' என்று முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டிய ஊர் இது, வாட்சுக்கும் வாங்கிக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்து, பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றார். என் ஜெர்மன்தான் கோளாறு என்று நினைத்து, இது கீ கொடுக்கிற வாட்ச் என்று விரலைத் திருகிக் காட்டினேன். அவர் வாட்சை என் பக்கம் திருப்பினார். உள்ளே பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி, சுற்றிலும் பிளாஸ்டிக்.

"யாரிடம் வாங்கினீர்கள்? நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்" என்றார். வாங்கவில்லை, அப்பா கொடுத்தது என்றேன். "அப்பாவேவா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவைப் பற்றி உமக்கு என்னய்யா தெரியும் என்று தமிழிலேயே கேட்டுவிட்டு வாட்சைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணன் மேல்தான் சந்தேகம். ஈக்காட்டுத்தாங்கலில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான், அம்மாவோடு மயிலாப்பூர் வீட்டில் இருக்கிறான். வாட்சை என்னிடம் கொடுத்ததும் அவன்தான். நல்ல மெஷினைக் கழற்றி விற்றிருப்பான் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே அப்பாவின் வருஷத் திதிக்குப் போனேன். திதி முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் வாட்சை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"உள்ள இருந்த மெஷினை எங்க வித்தே?"

"விக்கறதா? லூசா நீ? அப்பாவால கீ குடுக்க முடியல. அதான் பேட்டரி மெஷின் போட்டேன்."

"ஏன் முடியல?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா மோர்ப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"கை வரலடி. வலது கையும் காலும் விழுந்துடுச்சு. கடைசி ரெண்டு வருஷம்" என்றாள்.

ரெண்டு வருஷம்! ஞாயிறு தவறாமல் பேசியிருக்கிறேன். வலது கை எப்போதும் துண்டுக்கு அடியில் இருக்கும். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய செகண்ட் முள் பேட்டரி வாட்ச் மாதிரி விட்டுவிட்டுக் குதிக்கும், நெட் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஊருக்கு வருகிறேன் என்ற போதெல்லாம் "இப்ப வெயில் ஜாஸ்தி, அடுத்த வருஷம் வா" என்றார்கள். காரியத்துக்கு வந்து நின்றபோதும் "தூக்கத்துலயே போயிட்டார்" என்றுதான் சொன்னார்கள். இஸ்திரிக்காரருக்குத் தெரியும், பால் போடுகிறவருக்குத் தெரியும், எதிர் வீட்டுக்குத் தெரியும். பெற்ற மகளுக்கு மட்டும் தெரியாது.

"மூணு பேரும் சேர்ந்து எனக்கு நாடகம் போட்டீங்களா?"

"வாட்ச் நின்னுட்டா ஏன்னு நீ கேப்பியாம். அப்பவும் எங்கள கீ குடுக்க விடல. அப்பாதான் பேட்டரி போடச் சொன்னாரு" என்றான் அண்ணன்.

"அப்பாவேவா?" என்று கேட்டேன்.

அம்மா விடவில்லை. "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? அடிச்சுப் புடிச்சு ஓடி வந்திருப்பே. பதினஞ்சு நாள் இருந்துட்டு லீவு முடிஞ்சுதுன்னு கிளம்பியிருப்பே. அப்புறம் அந்த மனுஷன யாரு தேத்தறது?"

"அத நானும் அவரும்ல முடிவு பண்ணணும்! அந்தப் பதினஞ்சு நாள் எனக்கு வேண்டியதில்லையா?"

கத்திவிட்டேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும், அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அண்ணன் தூக்கிக் குளிப்பாட்டியிருக்கிறான், அம்மா ஊட்டிவிட்டிருக்கிறாள். அதற்கெல்லாம் அவர்களைக் கும்பிடலாம். ஆனால் அந்தக் கையை ஒரு தடவை பிடித்து நீவிவிடக்கூட எனக்குக் கொடுத்துவைக்காமல் செய்துவிட்டார்கள். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் பொய்.

மறுநாள் அம்மா பீரோவிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் தந்தாள். உள்ளே பஞ்சில் பழைய மெஷின். தி.நகரில் ஒரு சந்துக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மெஷினுக்கு ஒண்ணுமே இல்லம்மா, சூப்பரா கீது. இத்தப் போய் ஏன் கழட்டுனாங்க?"

மறுபடி மாட்டித் தாங்க என்று மட்டும் சொன்னேன். அவர் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, பழைய இடத்தில் பொருத்தி, புதுக் கண்ணாடியும் போட்டுத் தந்தார். காதில் வைத்துக் கேட்டேன். நடுக்கடையில் அழுதுவிட்டேன்.

திரும்பி வந்ததிலிருந்து தினமும் நான்தான் கீ கொடுக்கிறேன். கீழ் வீட்டு அம்மாளுக்கு ஆபரேஷன் முடிந்து வருஷங்கள் ஆயிற்று, கேட்டேன், இப்போது எல்லாம் தேவலையாம். போன ஞாயிறு அம்மாவிடம் வீடியோவில் பேசினேன். உப்பு, புளி, ஊர்க்கதை எல்லாம் ஆயிற்று. எனக்கு என்னமோ தோன்றியது.

"அம்மா, எழுந்து கொஞ்சம் நட. நான் பாக்கணும்."

"ஏண்டி, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி நடந்து காட்டச் சொல்றே?"

பின்னால் அண்ணன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சும்மா நடம்மா. கிச்சன் வரைக்கும்."

"ஐயோ, அடுப்புல பால் வச்சிருக்கேன்டி, பொங்கிடப் போவுது. அப்புறம் பேசறேன்."

பொங்கிவிடும் என்றவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, போனை மூக்குக்கு நேரே பிடித்து, நிறுத்துகிற பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். பால் பொங்கிவிடுமே என்று இங்கே நான்தான் எழுந்து நின்றேன்.