அண்ணி துலக்கிய விளக்கு

வண்டி கழுவும் கொட்டகையின் மூலையில் ஒரு முக்காலி, ஒரு வாளித் தண்ணீர், சுவரில் ஆணியடித்து மாட்டிய உப்புத்தாள் கட்டுகள். அண்ணியின் ராஜ்ஜியம் அவ்வளவுதான். மங்கிப்போன ஹெட்லைட்டைத் தேய்த்துத் தெளிய வைப்பது அவள் தொழில். அதற்கு முன் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையை இழுத்து மூடியதும் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. நேரே இந்தக் கொட்டகையில் வந்து நின்றாள். கொட்டகைக்காரர் சிரித்தார். அவருடைய காரில் ஒரு பக்க விளக்கை மட்டும் தேய்த்துக் காட்டிவிட்டு, மறுபக்கத்தைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டாள். மனுஷர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூலை கிடைத்துவிட்டது.

அவளுடைய கொழுந்தனுக்கு மட்டும் இதெல்லாம் விளையாட்டு. பேக்கிங் கம்பெனிக்கு விடிகாலையில் ஆள் ஏற்றிப்போகும் பழைய வேன் அவனுடையது. "பாத்திரம் தேய்க்கிற மாதிரிதானே அண்ணி இதுவும்?" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வான். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "வண்டிய ஒருநாள் கொண்டா தம்பி" என்பாள். மாசக்கணக்காக, பார்க்கும்போதெல்லாம் இதே பாட்டு. "சொந்தக்காரன் தலையிலயே கை வைக்கப் பாக்கறீங்களே!" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

அந்தச் சிரிப்புக்கு வாகனச் சோதனைக் கூடத்தில் ஆப்பு விழுந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்த அதிகாரி, "இந்த வெளிச்சத்துல தட்டுல என்ன இருக்குன்னு கூடத் தெரியாதேப்பா" என்று வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் வேன் ரோட்டில் ஓடக் கூடாது. கம்பெனி வேறு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். புது விளக்கு மாட்டலாமென்றால் அந்த மாடலையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கடை கடையாக ஏறி இறங்கியவன், மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அண்ணியின் மூலைக்கு வந்து சேர்ந்தான்.

அவள் எதையும் குத்திக்காட்டவில்லை. விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்து, தேய்க்க ஆரம்பித்தாள். நாலு இழுப்பு இழுத்ததுமே கை நின்றது. தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

"தம்பி, இதுல என்ன தடவினே?"

"நானா? ஒண்ணும் இல்லையே."

"தாள் பிசினா ஒட்டுது. உண்மையச் சொல்லு."

திருதிருவென விழித்துவிட்டுக் கொட்டினான். கொசு கடிக்காமல் இருக்க உடம்பில் தெளித்துக்கொள்வார்களே, அந்த மருந்து. கூட்டாளி ஒருத்தன் சொன்னானாம். "ஒரு வாரம் பளபளன்னு இருந்துச்சு அண்ணி!"

"இருக்கும். விளக்கோட மேல்தோலைக் கரைச்சுட்டா பளபளன்னுதான் இருக்கும். பிளாஸ்டிக் இளகிக் கிடக்கு. விரிசல் உள்ள வரைக்கும் போயிருந்தா என்னாலயும் ஆகாது."

அவன் குனிந்து விளக்கில் விரிசலைத் தேடினான்.

முரட்டுத் தாளை எடுத்தாள். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை தாளை அலசினாள். மஞ்சள் தண்ணீர் வழிந்தது. பிசின் போனது, ஆனால் விளக்கு முழுக்க வெள்ளையாகிவிட்டது.

"ஐயோ அண்ணி, இருந்ததும் போச்சே!"

"வாய மூடிட்டுத் தண்ணி ஊத்து."

அதைவிட மெல்லிய தாள், அதைவிடவும் மெல்லிய தாள், கடைசியில் காகிதம் போல வழவழப்பான ஒன்று. பிறகு பாலிஷ் மிஷின். அவன் கேலி பேச மறந்து ரொம்ப நேரமாகியிருந்தது. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் பல்பு தெரிந்தது. அதன் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெள்ளிக் கிண்ணம். பிறகு ஓரத்தில் பொடிப்பொடியாக எழுத்துகள். வண்டியைப் பழசாக வாங்கிய நாளிலிருந்து அவன் பார்த்தே இராத எழுத்துகள். தன் வண்டிக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அண்ணி துணியைப் பூச்சு மருந்தில் நனைத்து, நிறுத்தாமல் ஒரே வீச்சில் பூசினாள். "இந்தப் பூச்சு இல்லன்னா வெயில் மறுபடியும் மஞ்சளாக்கிடும். காயற வரைக்கும் தூசி படக் கூடாது, விரல் படக் கூடாது." சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அவன் விளக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவ்வளவு தெளிவு. விளக்கின் மேல்மூடி இருக்கிறதா, கழற்றி வைத்துவிட்டாளா என்றே சந்தேகம் வந்தது. அவனையும் அறியாமல் கை நீண்டது. கட்டைவிரல் பதிந்தது.

திரும்பி வந்தவள் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. முக்காலியில் உட்கார்ந்து, பூசியதை எல்லாம் மறுபடி தேய்த்து எடுத்தாள்.

"ரெண்டு விளக்குக்கும் இன்னும் ஒரு தடவை பூசத்தான் மருந்து இருக்கு. கையப் பின்னாடி கட்டிக்க."

இரண்டு விளக்கையும் பூசி முடித்தபோது கொட்டகையை விட்டு வெயில் போய்விட்டிருந்தது. பூச்சு காய வெயில் வேண்டும். எஞ்சினைப் போட்டால் தூசி கிளம்பும் என்று அவள் சொன்னதால் இருவரும் வேனைத் தெருவுக்குத் தள்ளினார்கள். அவள் ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்; அவன் பின்னாலிருந்து மூச்சு வாங்கினான். கட்டிடத்தின் நிழல் வண்டியைத் தொட்டதும் இன்னும் கொஞ்சம் தள்ளு. மறுபடி நிழல், மறுபடி தள்ளு. தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் வெட்கப்படவில்லை. வெயிலைத் துரத்திக்கொண்டு வண்டி தள்ளும் ஒரு மனுஷியை அவன் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தான்.

மறுநாள் அதிகாரி விளக்கைப் போட்டுவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "புதுசா மாட்டினியா?"

"இல்ல சார். எங்க அண்ணி."

அதற்கடுத்த விடிகாலை வேனை எடுத்தான். ஆலைச் சுவரை ஒட்டிப் போகும் நீளமான ரோடு. தெருவிளக்கு கிடையாது, லேசான பனி. தினமும் பழக்கத்தில் ஓட்டிப்போகிற ரோடுதான். இன்று அதில் குழி தெரிந்தது, ஓரத்துக் கோடு தெரிந்தது. கோட்டை ஒட்டி, கையில் சாப்பாட்டுப் பையோடு ஒருவர் பின் ஒருவராக நடந்துபோகும் மனிதர்கள் தெரிந்தார்கள். இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? கால் தானாக பிரேக்குக்குப் போனது.

தூரத்தில் ஒரு உருவம், வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல், ரோட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்கிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது. பைக்கு வெளியே உப்புத்தாள் சுருள் நீட்டிக்கொண்டிருந்தது.

வேனை நிறுத்தினான்.

"அண்ணி! நீங்க எங்க இங்க? அண்ணன் பைக்ல கொண்டாந்து விடலையா?"

"அவருக்கு ஷிஃப்ட் மாறி எத்தனை மாசமாச்சு. கொட்டகைக்கு நடைதான்."

"பள்ளத்துல ஏன் இறங்குனீங்க?"

"பழகிப்போச்சு தம்பி. உன் வண்டிச் சத்தம் கேட்டாலே இறங்கிடுவேன்."

அவன் வேனை விட்டு இறங்கினான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வண்டியக் கொண்டான்னு சொல்லிட்டேதானே இருந்தேன்."

அவள் மேலே ஏறி வந்து, விளக்கின் முன் குனிந்து பூச்சைப் பார்த்தாள். "கை வைக்கலையே?"

"இல்ல அண்ணி" என்றான். அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.