ஓய்வூதியத்துக்கு ஆள் சேர்த்த நாள்

பாரிஸில், லா சப்பலில் இருக்கும் என் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வூதியச் சேமிப்புத் திட்டம் தொடங்கப் போய், தோள் எலும்பை உடைத்துக்கொண்டவன் நான். உடைத்தது என் கடைச் சமையல்காரர். நானும் சும்மா விடவில்லை, அவருடைய மூக்கை உடைத்தேன்.

திட்டமே முக்கியமாக அவருக்காகத்தான். யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து வன்னியிலிருந்து தனி ஆளாக வந்தவர். ஐம்பதுக்குக் கிட்ட இந்த நாட்டில் வேலை தொடங்கியவருக்கு அரசாங்கம் தரும் ஓய்வூதியம் வாடகைக்கும் காணாது. கை ஓய்ந்த பிறகு இந்த மனுசன் எங்கே போய் விழுவார் என்று எனக்குக் கவலை. எனக்குக் கோபம் வந்தால் கடையில் தட்டுப் பறக்கும். ஆனால் என்னிடம் வேலை செய்தவர் தெருவில் நிற்பதை நான் பார்க்கமாட்டேன். கணக்காளர் ஒரு வழி சொன்னார். வேலை செய்கிறவர் மாதாமாதம் கொஞ்சம் போட்டால், கடையும் அதற்கு மேல் போடலாம். ஆனால் பிடித்த ஆளுக்கு மட்டும் என்று செய்யமுடியாது, எல்லாருக்கும் பொதுவாக இருக்கவேண்டும்.

மத்தியானக் கூட்டம் கலைந்ததும் ஷட்டரை இறக்கினேன். கணக்காளர் ஃபைலோடு வந்தார். இரண்டு பேருமாகக் குசினிக்குள் போய், ஆளுக்கொரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தோம். எதையும் கூட்டம் போட்டுச் சொல்லியே பழகிய ஊர்க்காரன் அல்லவா, வேலையாட்கள் எல்லாருக்கும் முன்னால் நின்றபடி தொடங்கினேன்.

"இது எங்கடை எல்லாற்றை எதிர்காலத்துக்கும்தான். ஒருத்தரும் விடுபடக் கூடாது."

வடை சுட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் திரும்பினார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது.

"ஆர் உங்களை அனுப்பினது?"

"ஆர் அனுப்புறது? சட்டம், அண்ணை. ஒவ்வொருத்தராப் பேரைச் சொல்லுங்கோ."

கணக்காளர் ஃபைலைத் திறந்தார்.

பெரிய இரும்பு அகப்பை என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த அடி ஃபைலில் விழ, கணக்காளர் மேசைக்குக் கீழே புகுந்துவிட்டார். தாச்சி கவிழ்ந்து கொதி எண்ணெய் தரையெல்லாம் ஓடியது. வலியில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. நல்ல கையால் அவர் முகத்தில் ஓங்கிக் குத்தினேன். இரத்தம் வடைமாவில் தெறித்தது. அவர் விழவில்லை. என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தார்.

"இப்பிடித்தான்ரா வந்தவங்கள்! ரெண்டு பேர், கையிலை ஃபைல்! என்ரை வீட்டிலை தேத்தண்ணியும் குடிச்சவங்கள்! வீட்டுக்கு ஒராள், ஒருத்தரும் விடுபடக் கூடாதெண்டு சொல்லித்தான் என்ரை பெடியனை இயக்கத்துக்குச் சண்டை பிடிக்கக் கொண்டு போனவங்கள்!"

மற்றவர்கள் இழுத்துப் பிரித்தார்கள். என் கோபம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. இத்தனை வருடம் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறோம், அவருக்கு ஒரு மகன் இருந்தது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில், எண்ணெயில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன்.

தோள் கட்டோடு நான் கடைக்குத் திரும்பியபோது, அவர் மூக்கில் பிளாஸ்டரோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். அந்தப் பணம் கடைசிவரை அவருடையதுதான், விருப்பமில்லை என்றால் அவர் ஒன்றும் போடத் தேவையில்லை என்று மெதுவாகச் சொன்னேன்.

"நான் செத்துப்போனால்?"

"நீங்கள் ஆரைச் சொல்லுறியளோ, அவைக்குப் போகும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப பெடியன்ரை பேரைப் போடுங்கோ, தம்பி. எப்பவாவது வந்தானெண்டால் வெறுங்கையோடை நிக்கக் கூடாது."