டிரையரில் ஒட்டிய பொட்டுகள்

போன வாரம் மயிலாப்பூர் வீட்டில் கிடக்கும் பழைய டிரையரைச் சரிசெய்ய சைதாப்பேட்டையிலிருந்து மெக்கானிக் வந்திருந்தார். மஸ்கட்டில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தது. வெயில் கொளுத்தும் ஊரில் துணி காயவைக்க மெஷினா என்று சிரிக்காதீர்கள். ஐப்பசி மழையில் காயாத பனியனைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றிருந்தால் சிரிக்க மாட்டீர்கள்.

முகப்பைக் கழற்றியதும் ஒரு நாற்றம் வந்தது பாருங்கள். கரப்பான் புழுக்கை, கருகிய பஞ்சு, எலி மூத்திரம் எல்லாம் சேர்ந்த நாற்றம். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"உள்ள ஒரு குடும்பமே குந்திகினு கீது சார்" என்று வெறுங்கையால் அள்ளிப் போட்டார் மனுஷன். பிறகு டைமர் குமிழைச் சுற்றி ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளைக் காட்டினார். "இத்த இன்னா பண்றது? சொரண்டிடவா?"

அந்தப் பொட்டுகளைக் கண்டாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து அருவருப்பு. குளிக்கப் போகும்போது அம்மா நெற்றியிலிருந்து எடுத்து, கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவிடுவாள். கண்ணாடி, குளியலறை டைல்ஸ், ஃபிரிட்ஜ், எதையும் விட்டதில்லை. பசையில் வியர்வையும் முடியும் அப்பியிருக்கும். டிரையரில் எழுத்துகள் அழிந்துபோனபோது பொட்டையே அடையாளமாக வைத்துக்கொண்டாள். கறுப்பு வரை திருப்பினால் யூனிஃபார்ம், மெரூன் வரை போனால் போர்வை. ஒருமுறை எங்கிருந்தோ ஒரு பொட்டு உள்ளே போய், என் வெள்ளைச் சட்டை முதுகில் வெந்து ஒட்டிக்கொண்டது. அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் என் பெயர் பொட்டம்மா. வீட்டுக்கு வந்து குதித்தேன்.

"பொட்டுதானேடா, தேளா கொட்டிச்சு?" என்றாள் அம்மா.

அதைவிட அருவருப்பான நாள் ஒன்று உண்டு. அப்பா போன பத்தாம் நாள், பெரிய அத்தை அம்மாவின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடி, டைல்ஸ், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகச் சுரண்டினாள்.

"இனிமே உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

அம்மா எழுந்து போய், துணி மடிக்கிற சாக்கில் டிரையருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அத்தை கரண்டியைக் கீழே வைக்கிறவரை அங்கிருந்து நகரவில்லை.

"அழுக்க மட்டும் எடுங்க. பொட்டுல கை வெக்காதீங்க" என்றேன். மெக்கானிக் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புது டைமர் போட்டு, முகப்பைத் துடைத்து மாட்டி, சுவிட்சைத் தட்டினார். டிரையர் பழைய உறுமலோடு சுற்றியது. சூடு ஏறியதும் மெரூன் பொட்டு கழன்று விழுந்தது. கையில் எடுத்தேன். பின்பக்கம் ஒரு முடி, நல்ல கறுப்பு முடி. குமட்டவில்லை.

அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. கூடத்தில் மாட்டியிருக்கும் படம் அத்தை வந்துபோனதற்கு அப்புறம் எடுத்தது, வெறும் நெற்றி. படத்தின் கண்ணாடியில், அந்த நெற்றிமேல் பொட்டை வைத்து அழுத்திப் பார்த்தேன். பசை போயிருந்தது. நிற்கவில்லை.