பூஜ்யத்தில் முடியும் கார்

என் அக்கா புருஷன் பெட்ரோல் பங்க்கில் குழாய் பிடிப்பவர். அதே பங்க்கின் மதிலோரம் பஞ்சர் ஒட்டுவது என் பிழைப்பு. அத்தானுக்கு அங்கே எல்லாரும் வைத்த பெயர் சட்டம். முதலாளியே வரிசையில் நிற்காமல் வண்டியை நுழைத்தாலும், "பின்னாடி போங்க சார்" என்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு வருஷம் எங்கோ இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டன. எண்ணெய்க் கப்பல்கள் வரும் குறுகலான கடல்வழி அடைபட்டது. வரைபடத்தில் பார்த்தேன், என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அதற்கே எங்கள் தெருமுனை தாண்டி வண்டிகள் நின்றன. அதுவரை நம்ம அரசாங்கம் முகம் கொடுத்துப் பேசாத ஒரு நாட்டுக்கு மந்திரி மாலையோடு ஓடினார். அவர்களிடம் எண்ணெய் இருந்தது. சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று உலக சபையில் கேட்டபோது, நம்ம ஆள் ஓட்டே போடவில்லை. இரண்டு பக்கமும் எண்ணெய் வாங்குகிறவன் எப்படி வாயைத் திறப்பான்? இந்த அரசியல் எல்லாம் டயரைக் கழற்றியபடி வரிசைக்காரர்களிடம் கேட்டுக் கற்றதுதான்.

பிறகு உத்தரவு வந்தது. ஒற்றைத் தேதியில் ஒற்றை எண்ணில் முடியும் வண்டிகளுக்கு மட்டும் பெட்ரோல், இரட்டைத் தேதியில் இரட்டை எண்ணுக்கு. அத்தானுக்குக் கேட்க வேண்டுமா!

அக்கா மகளை அப்போது பெண் கேட்டிருந்தார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா, ஒரு கணக்கு வாத்தியார், சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஒரு இரட்டைத் தேதியில் அந்த மனிதரின் கார் வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து குழாயருகே வந்தது. எண் பூஜ்யத்தில் முடிந்தது.

அத்தான் குழாயைத் தொடவில்லை. "பூஜ்யம் ஒத்தையும் இல்ல, ரெட்டையும் இல்லைங்க. மேலிடத்துல கேக்கச் சொல்லியிருக்கேன், நாளைக்கு வாங்க."

"பூஜ்யம் ரெட்டைதாங்க. நான் பாடமே நடத்துறேன்."

"பள்ளிக்கூடத்துல ரெட்டையா இருக்கலாம். உத்தரவுல எழுதலையே."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "யோவ், கணக்குப் பாடத்த வீட்டுல வச்சுக்குங்க, வண்டிய எடுங்க!"

நான் ஓடிப்போய் அத்தான் காதைக் கடித்தேன். "பொண்ணு வாழ்க்கை அத்தான். கொஞ்சம் ஊத்திவிடுங்க."

"தெரியுது மச்சான். காலையில ஒரு வேன்காரர் கெஞ்சுனார். அவரும் பூஜ்யம்தான். அவருக்கு என்ன பதில் சொல்றது?"

வாத்தியார் காரைத் திருப்பினார். அன்றைக்கு அக்கா சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தம் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

மறுநாள் காலைச் செய்தியில் மந்திரி விளக்கம் சொன்னார், பூஜ்யம் இரட்டைதான் என்று. அதைக் கேட்காமல் வாத்தியார் மறுபடி வரிசையில் நின்றிருந்தார். அத்தானுக்கு முகமே செத்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க. நீங்க சொன்னதுதான் சரியாம். பூஜ்யம் ரெட்டை." கைக்கடிகாரத்தில் தேதியைப் பார்த்தார். "இன்னிக்கு ஒத்தைத் தேதி."

வாத்தியார் அவரையே பார்த்தார். பிறகு கண்ணாடி நழுவி விழுகிற மாதிரி சிரித்தார். "மந்திரி சொன்னாத்தான் நம்புவீங்களா?"

"ஆமாங்க."

காரை எடுக்கப் பார்த்தால் கிளம்பவில்லை, டேங்க் காலி. நானும் அத்தானும் தள்ளிக்கொண்டு போய் என் கடையில் நிறுத்தினோம். பழைய டயர்மேல் உட்கார்ந்து டீ குடித்தார் வாத்தியார்.

"நீங்க சொன்னது தப்புதான். ஆனா எல்லாருக்கும் அதே தப்பைத்தான் சொன்னீங்க. நேத்து காலையில நீங்க திருப்பி அனுப்பின வேன்காரர் இன்னிக்கு எனக்குப் பின்னாடிதான் நின்னார், புலம்பித் தீர்த்துட்டார். பொண்ணு உங்கள மாதிரியே இருக்குமா?"

"அவ அம்மா மாதிரிங்க," என்றேன் நான் அவசரமாக.

"அப்ப கல்யாணத்த வச்சுக்கலாம். ரெட்டைத் தேதியா பாருங்க, நான் கார்ல வரணும்."

கல்யாணத்துக்கு முன்பே கடல்வழி திறந்துவிட்டது. ஆனால் அரசாங்கம் பயந்தது பயந்ததுதான். ஊருக்கு வெளியே பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள் எழும்பின, பேட்டரி பஸ்கள் வந்தன, எங்கள் பங்க் மூலையிலும் சார்ஜ் ஏற்றும் கம்பம் ஒன்றை நட்டார்கள். அங்கேயும் அத்தான்தான், "பின்னாடி போங்க சார்" என்று நிற்கிறார். எனக்கும் குறைவில்லை, பேட்டரி வண்டிக்கும் ஆணி குத்தத்தான் செய்கிறது.

போன மாதம் சம்பந்தி பேட்டரி கார் வாங்கினார். வண்டியைச் சுற்றிப் பார்க்க எல்லாரும் ஓடினோம். அக்கா மட்டும் நேராகப் பின்பக்கம் போய், எண் எதில் முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள்.