சைனாக்கார வீட்டுப் பிள்ளை

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மோமோ தள்ளுவண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பையா, ஏக் ப்ளேட்" என்றார். விளக்கம் சொல்லச் சோம்பல். மூடியைத் திறந்து நானே எடுத்து வைத்தேன். சட்னி கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஊற்றினேன்.

அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, என் முகம் அப்படி. அப்பா கடலூர் முதுநகர்க்காரர். வேலைக்குப் போன சைகோனில் அம்மாவைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தவர். அம்மாவின் கண்ணும் மூக்கும் அச்சு மாறாமல் எனக்கு வந்துவிட்டன. தெருவில் எங்கள் வீட்டுக்குப் பெயர் சைனாக்கார வீடு. அப்பா திருத்திப் பார்த்தார். எதிர்வீட்டு மாமா விடவில்லை.

"வியட்நாமா? அது எங்க இருக்கு மாப்ள?"

"சைனாவுக்குக் கீழ."

"அப்பறம் என்ன, சைனாதான்!"

மோமோ வண்டியின் ஆவியில் நின்றதும் எங்கள் மொட்டைமாடி ஜாடி ஞாபகத்துக்கு வந்தது. அம்மா அதில் நெத்திலியை உப்போடு போட்டு மாதக்கணக்கில் வெயிலில் வைப்பார். ஊறி இறங்கும் தண்ணீர்தான் அவருக்குச் சாப்பாட்டு ருசி. கருவாடு காயப்போடுகிற தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. மாமா பஞ்சாயத்துக்கு வந்தார். அடுத்த வருஷம் அவர் வீட்டிலிருந்தே கிண்ணம் வந்தது: "அக்கா, கொழம்புக்கு சைனா தண்ணி கொஞ்சம் குடுங்க."

அம்மாவின் தமிழ் மீன் மார்க்கெட்டில் கற்றது. அதன் அருமை, நான் சின்னப் பையனாக இருந்தபோது, சிதம்பரத்தில்தான் தெரிந்தது. கோயில் வாசலில் ஒரு கைடு எங்களோடு ஒட்டிக்கொண்டு இங்கிலீஷில் பொழிந்தார். பட்டுப்புடவை, மூக்குத்தியோடு அம்மா தலையாட்டிக்கொண்டே வந்தார். இங்கிலீஷ் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

"அண்ணே, நாங்க கடலூரு" என்றேன்.

"அடடே, நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்களே!" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஊரை என் ஊர் என்று சொல்ல இன்னொருத்தர் சாட்சி வேண்டும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அதற்குள் அம்மா பூக்காரம்மாவிடம் போய்விட்டார். "இன்னாம்மா, மொழம் போடறியா, சாண் போடறியா? கைய நல்லா நீட்டிப் போடு!"

பூக்காரம்மா கைடைப் பார்த்தார். "யோவ், ஃபாரின்காரங்க மொழத்துக்கு சண்ட போடுவாங்களா? இது நம்ம ஊரு பொம்பளதான், உடுய்யா."

கைடு போய்விட்டார். பூக்காரம்மா கையை மட்டும் நீட்டவில்லை.

ஸ்கூட்டிப் பெண்ணிடம் மோமோ தட்டை நீட்டியபோது, "பாத்துங்க, காரம்" என்றேன்.

"நல்லா தமிழ் பேசறீங்களே பையா! எந்த ஊரு?"

"முதுநகர்."

"அது தங்கியிருக்கற எடம். சொந்த ஊரு?"

அன்பாகத்தான் கேட்டார். இப்போது அம்மா இல்லை, எதிர்வீட்டு மாமா இல்லை, எங்கள் வீடு இடிந்து அப்பார்ட்மெண்ட் ஆகிவிட்டது. சைனாக்காரன் என்று கூப்பிட்டால் அந்த நாளில் கல்லெடுத்து அடிப்பேன். ஆனால் அப்படிக் கூப்பிட்ட அத்தனை பேருக்கும் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருந்தது. வாய் தன்னால் சொல்லிவிட்டது: "முதுநகர்ல வந்து சைனாக்கார வீடுன்னு கேளுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "ஓ, அங்கயும் கடை போட்டிருக்கீங்களா?"